முறுக்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாய்க்கால் கரையில் ஓட்டும்போது டர்ட் பைக்கின் பின்பக்கம் தூக்கிப் போடுவதாகக் கேட்டிருந்த திருவாரூர் வாசகருக்கு, பின் ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கிக்கொள்ளுமாறு தங்கள் சென்ற இதழில் பதில் தரப்பட்டிருந்தது. அப்படிச் செய்தால் அவருடைய தொல்லை கூடுமே தவிரக் குறையாது என்பது என் கருத்து.

பிரீலோட் நட்டை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் நட்டை) எவ்வளவு முறுக்கினாலும் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். ஆகவே பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதை முதலில் அளக்க வேண்டும். பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளந்துகொண்டு, பின்பு வண்டியைத் தரையில் நிறுத்தி ஒருமுறையும், ஓட்டுபவர் ஹெல்மெட், பூட்ஸ் சகிதம் ஏறியபின் மறுமுறையும் அதே புள்ளிக்கு அளக்கலாம். முதல் அளவிலிருந்து எவ்வளவு குறைகிறதோ அதுவே இறக்கம். பின்சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம், அதாவது பயணம், சுமார் 300 மி.மீ. உள்ள மோட்டோகிராஸ் (மண் தடப் பந்தய) வண்டி, ஆள் ஏறியதும் 100 முதல் 105 மி.மீ. வரையும், வெறுமனே நிற்கையில் 30 முதல் 40 மி.மீ. வரையும் இறங்குவது பொதுக் கணக்கு. நம் பக்கத்தில் ஓடும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக்கின் சாதாரண மாடலில் பின்பக்கப் பயணம் 170 மி.மீ.தான் என்பதால், ஆள் ஏறியபின் அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது ஏறக்குறைய 55 மி.மீ.யை, வைத்துத் தொடங்கலாம்.

ஆள் ஏறிய அளவைச் சரிசெய்தபின் வெறும் வண்டி இறங்காமல் விறைத்து நின்றால், ஸ்பிரிங் கடினம் என்றே பலரும் முடிவுகட்டுகிறார்கள். உண்மையில் ஓட்டுபவரின் எடையை அது தாங்காததால்தான் அளவுக்கு மீறி இறுக்க நேர்ந்திருக்கிறது. வெறும் வண்டியே அதிகம் இறங்கினால்தான் ஸ்பிரிங் கடினம். இரண்டுக்கும் வேறு ஸ்பிரிங் போடுவதே வழி.

அளவு சரியாக இருந்தும் தூக்கிப் போட்டால் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் அப்சார்பர் திரும்ப நிமிரும் வேகத்தை, பார்க்க வேண்டும். டிராக்டர் ஈரத்தில் பதித்த தடங்கள் கோடையில் கெட்டிப்பட்டுக் கிடக்கும் கரைகளில், ரீபவுண்ட் மெதுவாக இருந்தால், ஒரு மேட்டில் அமுங்கிய ஷாக் அப்சார்பர் நிமிர்வதற்குள் அடுத்த மேடு வந்துவிட, பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போய் இறுகிவிடும். வேகமாக இருந்தால் ஒற்றை மேட்டிலேயே உதைக்கும். ரீபவுண்ட் திருகை முழுதும் மூடும்வரை எத்தனை கிளிக் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பழைய இடத்துக்கே திருப்பி வைத்து, ஒரு தடவைக்கு இரண்டு கிளிக் மட்டும் மாற்றி, அதே தடத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. (எக்ஸ்பல்ஸின் சாதாரண மாடலில் இந்தத் திருகு இல்லை.)

இவை எல்லாவற்றுக்கும் முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நடவுக் காலத்தில் வயலோரச் சேற்றில் ஓட்டிவிட்டு, வாட்டர் சர்வீஸில் நீரைப் பீய்ச்சிக் கழுவிய வண்டி வெளியே பளபளக்கும். ஷாக் அப்சார்பரைப் பின்சக்கரப் பகுதியோடு இணைக்கும் லிங்கேஜைக் கழற்றினால் கிரீஸ் போன பேரிங்குகள் செந்தூரம் பூசியதுபோல் துருவேறி இருக்கும். ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைக் கையால் தூக்கி விடும்போது அது தங்குதடையின்றி இறங்க வேண்டும். கரகரத்து நடுவழியில் நின்றால், மேற்சொன்ன அளவுகள் எதையும் நம்ப முடியாது.

எனவே அந்த வாசகரின் எடையையும், வண்டியின் மாடலையும், மூன்று அளவுகளையும் கேட்டுப் பெற்று, அடுத்த இதழில் பதிலைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மன்னார்குடி.