கேமரா சொன்ன பிழையும் உண்மைக் கோளாறும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்வெளித் தொலைநோக்கியின் கேமரா ஒன்று நின்றுபோனால், நம் நாளிதழ்கள் முதல் நாள் ‘பழுதானது’ என்று எழுதிவிட்டு, பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. கேமரா காட்டும் பிழைச்செய்தி ஒன்றாகவும் உண்மைக் கோளாறு வேறொன்றாகவும் இருப்பது இத்துறையில் புதிதல்ல என்பதால், பின்பாதி இல்லாத செய்தி வாசகரைத் தவறான முடிவுக்கே இட்டுச்செல்கிறது.

2019 ஜனவரி 8 அன்று ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் ‘வைட் ஃபீல்ட் கேமரா 3’, தன் மின்னழுத்தம் வரம்புக்குள் இல்லை என்று கண்டு தானே வேலையை நிறுத்திக்கொண்டது. 2009இல் விண்வெளி வீரர்கள் நேரில் சென்று பொருத்திய கேமரா அது. அதன் பிறகு பழுதுபார்க்க எவரும் அங்கே போனதில்லை. எனவே கேமராவின் அந்த ஒரு வரிப் பிழைச்செய்தியை நம்புவதா வேண்டாமா என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. மின்னழுத்த அளவைத் தெரிவித்த அதே மின்சுற்றின் வழியே வந்த மற்ற அளவீடுகளையும் நாசா பொறியாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, அவையும் தாறுமாறாக இருந்தன. மின்வழங்கி மட்டும் கெட்டிருந்தால் மற்ற எண்கள் ஏன் கெட வேண்டும்? மின்னழுத்தம் சரியாகவே இருக்கிறது, அளந்து சொல்லும் சுற்றுதான் பிசகியிருக்கிறது என்று தெளிந்து, அதை மறுதொடக்கம் செய்தார்கள். ஜனவரி 17 அன்று கேமரா பணிக்குத் திரும்பியது.

2021 ஜூன் 13 அன்று நடந்தது இதற்கு நேர்மாறு. ஹப்பிளின் அறிவியல் கருவிகளை இயக்கும் கணினி நின்றது; நினைவகத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. மாற்று நினைவகத்துக்கு மாறினார்கள், பலனில்லை. மாற்றுக் கணினியை இயக்கியபோதும் அதே பிழைதான். இத்தனையும் ஒரே நேரத்தில் கெட்டிருக்க வாய்ப்பில்லை என்பதால், கணினிக்கும் நினைவகத்துக்கும் 5 வோல்ட் வழங்கும் மின்கட்டுப்பாட்டு அலகின் மேல் பார்வை திரும்பியது. ஜூலை 15 அன்று மாற்று அலகுக்கு மாறினார்கள். 17 அன்று ஆய்வுப் பணி மீண்டும் தொடங்கியது.

இதை நான் எழுதுவதற்கு என் வீட்டு மொட்டை மாடியும் ஒரு காரணம். வானைப் படமெடுக்க நான் வைத்திருக்கும், குளிரூட்டி பொருத்திய கேமரா, நீண்ட நேரம் படமெடுக்கும்போதெல்லாம் ‘கேமரா இணைப்பில் இல்லை’ என்று சொல்லி நின்றுவிடும். டிரைவர் மென்பொருளை நீக்கி நிறுவுவதிலும் யுஎஸ்பி கேபிளை மாற்றுவதிலும் மூன்று இரவுகள் போயின. நான்காம் இரவு, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரைக் கேமராவின் மின்முனையில் வைத்தேன்: குளிரூட்டி ஓடாதபோது 12 வோல்ட், முழு வேகத்தில் ஓடியதும் 11க்கும் கீழே. கீழறையிலிருந்து இழுத்திருந்த மெல்லிய நீளக் கம்பியிலேயே மின்னழுத்தம் விழுந்திருக்கிறது. அடாப்டரை மாடிக்கே கொண்டுபோனேன்; அந்தச் செய்தி அதன்பின் வரவில்லை.

ஆகவே இத்தகைய செய்திகளில், கருவி என்ன அறிவித்தது என்பதையும், கோளாறு இதுதான் என்று பொறியாளர்கள் உறுதிசெய்துவிட்டார்களா என்பதையும் தனித்தனியே குறிப்பிட வேண்டுகிறேன். கேமரா தானே தன்னை நிறுத்திக்கொண்டதை ‘செயலிழந்தது’ என்று எழுதுவதும் பொருந்தாது. காரணம் தெரிந்த நாளில், உள்பக்கத்தில் நான்கு வரிக்கு இடம் ஒதுக்கினாலும் போதும்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகர்,
தருமபுரி.