வாக்குப்பதிவு நாளில் பாதி திறந்த ஷட்டர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை விளக்குத்தூண் பகுதியில் இருபது ஆண்டுகளாகச் சிறிய ஜவுளிக் கடை நடத்தி வருகிறேன். 'ரேஷன் அரிசியும் மாதம் ஆயிரம் ரூபாயும் கிடைத்தால் யார் வேலைக்கு வருவார்கள்? வரி கட்டுவது நாம். ஆட்சியை முடிவு செய்வது அவர்களா?' என்ற பேச்சு தேர்தல்தோறும் எங்கள் வியாபாரிகளிடையே எழுகிறது. ஜிஎஸ்டி எங்கள் கை வழியாகப் போகிறதே தவிர, அதைக் கொடுப்பவர் நைட்டியும் துண்டும் வாங்கும் வாடிக்கையாளர்தான். அந்த ஆயிரம் ரூபாயிலும் ஒரு பகுதி எங்கள் கல்லாவுக்கே வந்து சேர்கிறது.

'ஆட்சியை முடிவு செய்வது அவர்களா?' என்ற எண்ணம் பேச்சோடு நிற்பதில்லை என்பதே என் கவலை. 2019 ஏப்ரல் 18 அன்று சித்திரைத் தேரோட்டமும் வாக்குப்பதிவும் ஒரே நாளில் வந்ததால், மதுரையில் வாக்குப்பதிவு நேரம் இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கவிருந்தார். திருவிழா வியாபாரத்தை விட மனமில்லாமல் நானும் கடையைத் திறந்தேன். 'காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டுப் பத்து மணிக்கு வந்துவிடுங்கள்' என்று ஊழியர்களிடம் சொன்னதைப் பெருந்தன்மை என்றே அன்று நினைத்தேன். உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஓட்டு இருந்த பெண் ஊழியர், அதற்குள் போய்த் திரும்ப முடியாது என்பதால், நேராக வேலைக்கு வந்துவிட்டார். மாலையில் சேலை மடித்துக்கொண்டிருந்த அவருடைய விரலில் மை இல்லாததைக் கண்டு கேட்டேன். 'பரவாயில்லண்ணே, சீசன் நேரம்' என்றார். அந்தப் பதில் இன்றும் என்னை உறுத்துகிறது.

வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை என்பது, தினக்கூலிகள் உட்பட, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு 1996 முதல் தரும் உரிமை. மீறும் முதலாளிக்கு அபராதமோ அதிகபட்சம் 500 ரூபாய்தான். சீசன் நாளில் அரை மணி நேர வியாபாரத்தில் அதை எடுத்துவிடலாம்.

ஆன்லைன் வர்த்தகம் எங்களை நசுக்குகிறது என்ற முறையீடு நியாயமானதே. அதற்காக மே 5 வணிகர் தினத்தன்று கடையடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். அரசும் காதுகொடுத்துக் கேட்கிறது. எங்கள் கடைகளில் நின்றே காலம் கழிப்பவர்களுக்கோ, உட்கார ஓர் இருக்கை கிடைக்கவே 2021இல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது.

2024 ஏப்ரல் 19 அன்று என் கடையை நாள் முழுவதும் அடைத்தேன். எதிர்வரிசையில் ஷட்டர்கள் பாதி மேலேதான் இருந்தன. அடுத்த தேர்தலிலாவது, முந்தைய மாலையே ஊழியர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு முழுநாளும் கடையடைக்க வேண்டும் என்று வணிகர் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அந்த 500 ரூபாய் அபராதத்தையும் நாடாளுமன்றம் உயர்த்த வேண்டும்.

இப்படிக்கு,
ஜவுளி வியாபாரி ஒருவர்,
மதுரை.