தேய்ந்த ஷூவைப் பார்த்தவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

என் மகளுக்கு முதுகில் ஆபரேஷன் முடிந்து ஏழு மாதமாகிறது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போக வேண்டும் என்று நினைத்தே நாள் ஓடிவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி அவளுடைய பி.டி. மாஸ்டருக்கு. ஒன்பது வயதாகியும் படுக்கையை நனைக்கிறாளே என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்தோம். காட்டிய இடத்தில் வளர வளரச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். சார், நீங்கள்தான் அவளுடைய இடது ஷூ மட்டும் ஓரத்தில் தேய்ந்திருப்பதைக் கவனித்து, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்து எங்களிடம் காட்டினீர்கள்.

அடுத்தது நரம்பியல் அறுவை மருத்துவர். அவள் இடுப்புக்குக் கீழே பிறந்ததிலிருந்தே ஒரு முடிக்கற்றை உண்டு. அதிர்ஷ்டம் என்பார் என் அம்மா. டாக்டர் அதைப் பார்த்தவுடனே எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அளவில் முடிய வேண்டிய தண்டுவடம், இவளுக்கு நான்காவது வரை இறங்கியிருந்தது. அதன் நுனியிலிருந்து கீழே போகும் மெல்லிய இழை கொழுப்பேறித் தடித்து, அதை இழுத்துப் பிடித்திருந்தது. டெதர்டு கார்டு, அதாவது கட்டுண்ட தண்டுவடம் என்றார்.

“ரப்பர் குழாயை இழுத்தால் உள்வாய் ஒடுங்குமில்லையா? தண்டுவடம் இழுபடும்போது அதன் நுண்ணிய ரத்தக் குழாய்களும் அப்படித்தான். பிள்ளை வளர வளர இழுவையும் கூடும்” என்றார். 1981இல் யமாடா என்ற மருத்துவர் பூனைகளிலும் நோயாளிகளிலும் ஆராய்ந்து, இழுபட்ட தண்டுவடம் ஆக்சிஜனைச் சரியாகப் பயன்படுத்த முடியாமல் தவிப்பதைக் காட்டினாராம். பிற்பாடு லேசர் கருவி வைத்து அளந்தவர்கள், அந்த இழுவையை விடுவித்ததும் தண்டுவடத்தில் ரத்த ஓட்டம் கூடியதைப் பார்த்திருக்கிறார்கள். காத்திருக்கலாமா என்று கேட்க வாயெடுத்த நான் அதைக் கேட்டபிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பூனைகளுக்கும் ஒரு நன்றி.

மயக்க மருந்து டாக்டர் அம்மா, ரத்த அழுத்தம் இறங்கினால் தண்டுவடத்துக்குப் போகும் ரத்தமும் குறையும் என்பதால் அதை இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று முன்னாலேயே சொன்னீர்கள். நரம்புகளைக் கண்காணித்த தம்பி, உங்கள் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கால் தசைகளிலும் ஆசனவாய்த் தசையிலும் ஊசி மின்முனைகளை வைத்து, இழையில் லேசாக மின்சாரம் விட்டுப் பார்த்து, எந்தத் தசையும் துடிக்கவில்லை, அது நரம்பில்லை என்று உறுதியானபிறகுதான் இழையை வெட்டினார்களாம். இதெல்லாம் வெளியே உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அப்புறம்தான் தெரியும்.

முதுகுத் தண்டு நீர் கசிந்துவிடக் கூடாது என்று சில நாள் அவளை மட்டமாகவே படுக்க வைத்திருந்தார்கள். ஒன்பது வயசுப் பிள்ளையை அசையாமல் படுக்க வைப்பது லேசான காரியமா? ராத்திரியில் கதை சொல்லிய நர்ஸ் அக்காக்களே, அவள் இன்னும் உங்களைக் கேட்கிறாள்.

இப்போது வாரத்தில் ஓரிரு நாள்தான் போர்வை நனைகிறது. கால் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, பிசியோதெரபி நடக்கிறது. வளரும் வயதில் தண்டுவடம் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம், தவறாமல் காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக, ரத்தம் கொடுத்துவிட்டு டீகூடக் குடிக்காமல் பைக்கில் கிளம்பிப்போன நீலச் சட்டைக்காரருக்கு: உங்கள் ரத்தம் எங்களுக்குத் தேவைப்படவில்லை, ரத்த வங்கியிலேயே விட்டுவிட்டோம். அந்த டீ மட்டும் பாக்கி இருக்கிறது, வீட்டுக்கு வாருங்கள்.

நன்றியுடன்,
அவளுடைய அப்பா