கரையில் நின்று ஓட்டிய இரண்டு நாட்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். கரையில் நின்று ரிமோட்டால் ஓட்டும் சிறு படகுகளின் ரேடியோ பாய்மரப் படகுப் பந்தயத்திற்கு மீண்டும் திரும்பும் எண்ணம் இருப்பதாகவும், அதற்கு முன் புதிய வடிவமைப்பில் ஒரு மீட்டர் படகு ஒன்றை வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்த பந்தயத்தை முடித்துவிட்டு எழுதினால் கண்ணால் கண்டதை வைத்துச் சொல்லலாமே என்றுதான் பதிலைத் தள்ளிவைத்தேன். இப்போது சொல்கிறேன்: வாங்காதே.

1988-இல் சர்வதேச ஒரு மீட்டர் வகுப்பை உருவாக்கியவர்கள் பணம் படைத்தவன் வேகத்தை விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்பதை நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். நீளம் ஒரு மீட்டரைத் தாண்டக்கூடாது. எடை 4 கிலோவுக்குக் குறையக்கூடாது. படகின் உடலில் கார்பன் நாருக்கு இடமில்லை. ரிமோட்டிலிருந்து சுக்கானையும் பாய்க்கயிற்றையும் மட்டுமே இயக்கலாம். இத்தனை வேலிகளுக்குள் ஒரு புதிய படகு தரக்கூடிய கூடுதல் வேகம், தொடக்கக் கோட்டில் மற்றவர்களின் பாய்கள் கலைத்துவிட்ட காற்றில் ஒருமுறை மாட்டிக்கொண்டாலே கரைந்துபோகும்.

சனிக்கிழமை காலை காற்று மெல்ல வீசியதால் எல்லோரும் பெரிய பாயையே ஏற்றியிருந்தோம். பிற்பகலில் காற்று வலுத்தது. அனுமதிக்கப்பட்ட மூன்று அளவுப் பாய்த்தொகுதிகளில் இரண்டாவதற்கு எப்போது மாறுவது என்பதில்தான் அன்றைய வெற்றி தோல்வி இருந்தது. எதிர்க்காற்றில் ஏறும்போது பெரிய பாயோடு சமாளித்தவர்கள், மேல் மிதவையைச் சுற்றிக் காற்றின் போக்கில் இறங்கியபோது படகின் மூக்கு தண்ணீருக்குள் புதைந்து, சுக்கான் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிக்கொள்ள, திசை தவறித் தவித்தார்கள். அன்றைக்கு முதலில் வந்த படகு நாம் சேர்ந்து ஓட்டிய காலத்துப் பழைய வடிவம். அதன் உரிமையாளர் யாருக்கும் முன்பாகப் பாயை மாற்றியிருந்தார்.

குழுமுறை உனக்கு நினைவிருக்கும். ஒரே நேரத்தில் எல்லாப் படகுகளையும் தண்ணீரில் இறக்க முடியாதென்பதால் பிரித்து ஓட்டுகிறார்கள்; கீழ்க்குழு முதலில் ஓடும், அதில் முதல் நால்வர் உடனே மேல்குழுவில் சேர்ந்து ஓடுவார்கள், மேல்குழுவின் கடைசி நால்வர் அடுத்த சுற்றில் கீழே இறங்குவார்கள். இந்த முறையில் அதிகம் உழைப்பவன் முன்னணி வீரன் அல்லன். என்னைப் போல எல்லையில் ஊசலாடுகிறவன்தான். மேலே ஏறிய மகிழ்ச்சியை அனுபவிக்கக்கூட நேரமின்றிப் படகைத் தூக்கி, உள்ளே தண்ணீர் புகாதபடி மூடியின் மேல் ஒட்டிய பாய்த்துணி நனைந்து பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, பேட்டரியை மாற்றி, மறுபடியும் இறக்க வேண்டும். களைப்பு என்னவோ உண்மைதான், ஆனால் கற்பது அங்கேதான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குப் பாடம் நடத்தியது கண். படகு நம் காலடியில் இருக்கும்வரை எல்லாம் தெளிவு. தொலைவில் உள்ள மிதவைக்கு அருகில் அது போய்விட்டால், குறுக்கே உள்ள இடைவெளி தெரியுமே தவிர முன்பின் இடைவெளி தெரியாது. மிதவையைத் தாண்டிவிட்டதாகத் தோன்றும் படகு இன்னும் அதன் முன்னால் நின்றுகொண்டிருக்கும். மிதவையை ஒட்டி உள்பக்கம் வரும் படகுக்கு இடம்விட வேண்டிய வட்டத்தை, பெரிய படகுகளுக்கான மூன்று படகு நீளத்திற்குப் பதில் நம் விளையாட்டில் நான்கு என்று வைத்திருப்பதன் நியாயம் எனக்கு அங்கு நின்றபோதுதான் உறைத்தது. அனுபவசாலிகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. படகோட்டிகள் நிற்பதற்கென ஒதுக்கிய கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். தொடக்கத்தின்போது கோட்டின் நேரே நிற்க இடம்பிடிப்பதற்குப் படகோட்டிகளிடையே நடக்கும் நாசூக்கான தள்ளுமுள்ளு தனிப் பந்தயம்!

கடைசி நிமிடத்தில் பத்து விநாடிக்கு ஒருமுறை ஒலிக்கும் குரல், கடைசிப் பத்து விநாடிகளில் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியதும் கரையில் ஒரே கூச்சல். இன்னொரு படகை அழைக்கும்போது அதன் பாயில் உள்ள எண்ணை ‘பதினைந்து’ என்று சொல்லாமல் ‘ஒன்று ஐந்து’ என்று தனித்தனி இலக்கமாகக் கூவ வேண்டும் என்ற விதி எவ்வளவு தேவை என்பது அந்த இரைச்சலில் புரியும். வலப்பக்கத்துக் காற்றில் வரும் படகுக்கே உரிமை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நெரிசலில் உரிமையைப் பிடித்துக்கொண்டு மோதியவர்களைவிட, ஒரு படகு நீளத்தை விட்டுக்கொடுத்து ஒதுங்கியவர்களே அடுத்த மிதவையில் முன்னால் இருந்தார்கள். விதியை மீறியவன் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் தண்டனையைத் தீர்த்துக்கொள்கிறான். அவனால் இடிபட்டு நின்ற படகுக்கோ போன வேகம் திரும்புவதில்லை.

மதியத்துக்குமேல் நீர்ப்பாசி படகின் அடியில் நீண்டிருக்கும் கீலில் சிக்கிப் பலரைப் படுத்தியது. பாய்களை முழுக்கத் தளர்த்திக் காற்றுக்கு நேராக மூக்கைத் திருப்பி, படகு பின்னோக்கி நழுவும்படி விட்டால் பெரும்பாலும் கழன்றுவிடுகிறது.

ஆகவே உன் பழைய படகையே எடு. பாய்க்கயிற்றை இழுத்துவிடும் வின்ச்சின் கயிறு நைந்திருக்கும், அதை மாற்று. ரிசீவர் பழைய அலைவரிசை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடு, அலைவரிசைக்கேற்பப் படிகம் (கிரிஸ்டல்) மாற்றும் தொல்லை இனி இல்லை. எடையையும் அளவுச் சான்றிதழையும் ஒருமுறை சரிபார். மிச்சமிருக்கும் பணத்தில் இரண்டாவது பாய்த்தொகுதி ஒன்றை நன்றாகத் தைத்து வாங்கு. முன்பாயின் கோணத்தை எப்படி வைப்பது என்று எனக்குச் சில எண்ணங்கள் உண்டு. படகின் படத்தை அனுப்பினால் அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பந்தயத் தோழன்