வாத்துக்கறி: பினாங்கு நண்பனுக்கு ஒரு கடிதம்

காரைக்குடி,
மாசி மாதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். பெரிய வீட்டுக்கு ஓடு மாற்றும் வேலைதான் இன்னும் இழுத்துக்கொண்டே கிடக்கிறது. பங்குக்காரர்கள் அத்தனை பேரும் தலையாட்டினால்தானே கொத்தனார் ஏணியைச் சாத்த முடியும்? அதை விடு.

வாத்து வாங்கி நம்மூர்க் கோழி மசாலாவைப் போட்டுக் குழம்பு வைத்தேன், எண்ணெய் மிதக்கிறது, கவிச்சி அடிக்கிறது, தங்கச்சி சட்டியைத் தள்ளி வைத்துவிட்டாள் என்று புலம்பியிருந்தாய். முதலில் ஒன்றைப் புரிந்துகொள். நீ அங்கே வாங்கும் வாத்தும் நான் இங்கே வாங்கும் வாத்தும் பெயரளவில்தான் ஒன்று. உன் ஊர்க் கடைகளில் வருவது பெரும்பாலும் பெக்கின் என்கிற வெள்ளை வாத்து. தீனி போட்டுக் கொழுக்க வைத்து, ஆறேழு வாரத்திலேயே அறுத்துவிடுவார்கள். கறி மெத்தென்று இருக்கும், தோலுக்கடியில் கொழுப்பு தடிமனாக இருக்கும். இங்கே அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருவார்கள். சிந்திய நெல், நத்தை, புழு எல்லாம் வாத்துக்கு, எச்சம் வயலுக்கு. ராத்திரி வலை கட்டிப் பட்டி போடுவார்கள். அவர்களுக்கு முட்டைதான் வருமானம். முட்டை ஓய்ந்த வாத்துதான் கறிக்கு வரும். ஊர் ஊராக நடந்த கால். நாரும் அதிகம், ருசியும் அதிகம்.

கோழிக்கு நெஞ்சுக்கறி வெள்ளை. வாத்துக்கு நெஞ்சும் சிவப்புதான். வீட்டு வாத்தின் மூதாதை நெடுந்தூரம் பறந்த பறவை. விடாமல் சிறகடிக்கும் தசைக்குப் பிராணவாயு நிறைய வேண்டும். அதைப் பிடித்து வைக்கும் பொருள்தான் அந்தச் சிவப்பு. அதனால்தான் ருசியும் கோழியை விட்டு விலகி ஆட்டுக்கறிப் பக்கம் சாய்கிறது. கொழுப்பு பெரும்பாலும் தோலை ஒட்டியே இருக்கும். தோலை உரித்தால் உள்ளே கறி மெலிவுதான்.

கவிச்சிக்கு வருகிறேன். வாலுக்கு மேலே ஒரு சின்ன எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். இறகில் தண்ணீர் ஒட்டாமலிருக்க வாத்து அலகால் எடுத்துப் பூசிக்கொள்கிறதே, அந்த எண்ணெய் ஊறும் இடம். அதை வெட்டி எறியாவிட்டால் எவ்வளவு இஞ்சி தட்டிப் போட்டாலும் வாடை போகாது. கடைக்காரர் எடுத்திருப்பார் என்று நம்பாதே, நீயே பார். மிச்சமிருக்கும் பூ மயிரைத் தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவு. இதற்கு மேலும் கொஞ்சம் வாடை இருந்தால் அது வாத்தின் குணம். அதுவும் பிடிக்காதவர்கள் கோழியே சாப்பிடட்டும்.

இனி சமையல். கோழி மசாலா வேண்டவே வேண்டாம். செட்டிநாடு என்றாலே பட்டை, கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எல்லாவற்றையும் வறுத்துக் கொட்டுவது என்று ஓட்டல்காரர்கள் ஊரை நம்பவைத்துவிட்டார்கள். நம் வீடுகளில் உப்புக்கறி வைப்பார்களே, நினைவிருக்கிறதா? சின்ன வெங்காயம், பூண்டு, விதை உதிர்த்த வரமிளகாய், மஞ்சள், உப்பு, அவ்வளவுதான். ஆட்டுக்கறிக்கு ஏற்பட்ட முறை, ஆனால் வாத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. கறிக்கே அழுத்தமான ருசி இருக்கும்போது மசாலா எதற்கு அதன் மேல் ஏறி உட்கார வேண்டும்?

உப்புக்கறிக்கு நல்லெண்ணெய் ஊற்றுவோம், இதற்கு அதுவும் வேண்டாம். கொழுப்போடு இருக்கும் தோல் துண்டுகளை மட்டும் முதலில் இரும்புச் சட்டியில் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, சிறு தீயில் வை. தண்ணீர் வற்றுவதற்குள் கொழுப்பு உருகி இறங்கிவிடும், தோலும் கருகாது. அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் வெளியே கரிந்து உள்ளே கொழுப்பு அப்படியே நிற்கும். நீ குழம்பில் பார்த்த மிதப்பு அங்கிருந்து வந்ததுதான். உருகியதில் பாதியை வடித்துத் தனியே வை. மீதியில் மிளகாய், பூண்டு, முழு வெங்காயம், கறிவேப்பிலை வதக்கி, கறியைப் போட்டுப் பிரட்டி, மூடி வேகவிடு. தண்ணீர் குறைவாகவே ஊற்று. உன் வாத்து முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். என் வாத்துக்கு அதைப்போல இரண்டு மடங்காவது ஆகும். பொறுமை இல்லாத நாளில் குக்கர்தான். கடைசியில் திறந்து வைத்துச் சுண்டவிட்டு, இடித்த மிளகைத் தூவி இறக்கு. தேங்காய் அரைத்து ஊற்றாதே, ஏற்கெனவே இருக்கும் கொழுப்பு போதும். இடியாப்பத்துக்கு அப்படி ஒரு ஜோடி. வடித்து வைத்த கொழுப்பில் மறுநாள் உருளைக்கிழங்கு வறுத்துப் பார், பிறகு எனக்கு எழுது.

தேங்காய்ப்பால் இல்லாமல் முடியாது என்று தங்கச்சி சொன்னால் கேரளத்துக் குட்டநாட்டுக்காரர்கள் வழிக்குப் போ. அங்கே கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றால் சிரியன் கிறிஸ்தவர் வீடுகளில் தாறாவு மப்பாஸ் என்கிற தேங்காய்ப்பால் வாத்துக் குழம்பும் அப்பமும்தான். மிளகோடு கொஞ்சம் வினிகரும் சேர்ப்பார்கள், அந்தப் புளிப்பு கொழுப்பை வெட்டிவிடும். தேங்காய்ப்பாலை முழுதாக ஏற்பவன் இல்லை நான், ஆனால் அந்த வினிகர் நல்ல யோசனை.

உன் வாத்துக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு, என் கிழட்டு வாத்துக்கு ஆகாது. நெஞ்சுத் துண்டின் தோலைக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, உப்புத் தேய்த்து, சூடில்லாத தோசைக்கல்லில் தோல் கீழே இருக்கும்படி வைத்து, அப்புறம் அடுப்பைப் பற்றவை. தோல் பொன்னிறமாக மொறுகும்வரை திருப்பாதே. திருப்பிய பிறகு கொஞ்ச நேரம் போதும். இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு நறுக்கு. பிரான்சில் இப்படித்தான், உள்ளே சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுவார்கள். நம் வீட்டில் அது செல்லாது, கூடுதலாகக் கொஞ்சம் வேகவிடு. அதே நாட்டின் தென்மேற்கில் கால் துண்டுகளை உப்பில் ஊறவைத்து, வாத்துக் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்து, அந்தக் கொழுப்புக்குள்ளேயே மூடி மாதக்கணக்கில் வைத்திருப்பார்களாம். நாம் உப்புக்கண்டத்துக்கு வெயிலை நம்பினோம்; அவர்கள் கொழுப்பை நம்பியிருக்கிறார்கள்.

சீனர் கடைகளில் பளபளவென்று தொங்கும் வாத்தை மட்டும் வீட்டில் முயலாதே. பெய்ஜிங் முறையில் தோலுக்கும் கறிக்கும் நடுவே காற்றை ஊதிப் பிரித்து, கொதிநீர் ஊற்றி, மால்ட் பாகு பூசி, காயவைத்து, அப்புறம்தான் அடுப்பில் தொங்கவிடுவார்கள். அது தொழில்காரர்கள் வேலை. காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுவதுதான் மரியாதை.

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துப் பக்கம் காட்டு வாத்துகளும் வருகின்றன. அவற்றைத் தொடக்கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அங்கேயுள்ள கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் தொடவிட மாட்டார்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே போடாத ஊராயிற்றே.

சித்திரையில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. வாத்துக்காரர்கள் அதற்குள் வேறு ஊருக்கு நகர்ந்துவிடுவார்கள், சொல்லிவைக்க வேண்டும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் கூட்டாளி