ஞாயிறு கூட்டம்: லேசரும் ரோமும்

நண்பர்களே, வணக்கம். 12ஆம் தேதி ஞாயிறு மாலை 6 மணிக்கு ஜூமில் கூடுகிறோம். இந்த முறை ருமேனியா.

1. முதல் பாதி, புகாரெஸ்ட் பக்கத்தில் மகுரேலேயில் உள்ள லேசர் ஆய்வகம். 2019இல் லேசர் திறன் 10 பெட்டாவாட்டை எட்டிய இடம், அதாவது 100 கோடி கோடி வாட். ஆனால் ஒரு துடிப்பில் (லேசர் ஒரு முறை பளிச்சிடுவது) இருக்கும் ஆற்றல் என்னவோ 25 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் தூக்கும் அளவுதான்! ஒரு நொடியைக் கோடி துண்டாக்கி, அதில் ஒன்றை மறுபடி 40 லட்சம் துண்டாக்கினால் வருகிற நேரத்துக்குள் அத்தனையையும் கொட்டிவிடுவதால்தான் அந்தத் திறன். அது பட்ட இடத்தில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு போகும்.

2. அப்புறம் ரோமப் பேரரசர் டிராஜன். கி.பி. 106இல் இன்றைய ருமேனியப் பகுதியில் இருந்த டாசியாவைப் பிடித்தவர். அந்தப் போர்க்கதை ரோமில் 113இல் நிறுவிய தூணைச் சுற்றிச் சுருளாக ஏறுகிறது. தோற்ற டாசிய அரசன் டெசிபலஸ் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சிகூட உண்டு. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

3. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் 'வருகிறேன்' என்று போடுங்கள். கட்டைவிரல் மட்டும் வேண்டாம், எண்ண முடியவில்லை.

4. கேள்விகளை முன்கூட்டியே இங்கே எழுதலாம்.

5. 2018 இயற்பியல் நோபல் பெற்ற மூரூ, ஸ்டிரிக்லண்ட் முறையை (லேசர் துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்குவது; மகுரேலே லேசரின் அடிப்படை இதுதான்) 10 நிமிடத்தில் விளக்க ஒருவர் தேவை. யார் வருகிறீர்கள்?