பிலிப்பைன்ஸ் கிராமங்களில் குடும்பமாக வாழும் தமிழர்களையும் புயல்காலத் தொடர்புப் பட்டியலில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
பேராவூரணி வட்டத்தைச் சேர்ந்த அயலகத் தமிழர்,
(பெயரும் முகவரியும் இணைப்பு 1இல்)
தெற்கு லேய்டே மாகாணம், பிலிப்பைன்ஸ்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை,
சேப்பாக்கம், சென்னை.

நாள்: 02.06.2025

பொருள்: வேலையளிப்பவரோ கல்லூரியோ இல்லாமல் வெளிநாட்டுக் கிராமங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களைத் தனிப் பிரிவாகப் பதிவு செய்து, புயல் நாட்களில் அவர்களைப் பற்றிய தகவல் உறவினருக்குக் கிடைக்க வழி செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி வட்டத்தில் பிறந்த நான், சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் உடன் பணியாற்றிய பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணை மணந்து, 2016 முதல் அவருடைய சொந்த ஊரான தெற்கு லேய்டே கடலோரக் கிராமத்தில், இரு பிள்ளைகளோடும் மாமனார் மாமியாரோடும் வசித்து வருகிறேன். தென்னந்தோப்பும் வீட்டு வாசலில் ஒரு பெட்டிக்கடையுமே எங்கள் பிழைப்பு. வெளிநாட்டவர் நிலம் வைத்திருக்க அந்நாட்டு அரசியலமைப்பு இடம் தராததால் தோப்பு என் மனைவியின் பெயரில் இருக்கிறது. கிராமத்து நிவாரணப் பட்டியலிலும் குடும்பம் அவர் பெயரில்தான் இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆபத்துக் காலத்தில் என் பெயரை வைத்து என்னைத் தேடுகிறவர்களுக்கு நான் எந்தத் தாளிலும் அகப்பட மாட்டேன் என்பதைத் தெரிவிக்கவே இங்கே குறிப்பிடுகிறேன்.

ஆண்டுக்குச் சுமார் 20 புயல்கள் பிலிப்பைன்ஸ் வானிலை எல்லைக்குள் வருகின்றன; அவற்றில் எட்டு ஒன்பது கரையைக் கடக்கின்றன. ஆகவே எங்கள் ஊரில் புயல் என்பது திருவிழாவைப் போல நாள் பார்த்து எதிர்பார்க்கப்படுகிற ஒன்று. ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியோடு தெருவில் வந்ததும், என் மாமனார் பழைய மீன்பிடிக் கயிற்றைக் கூரைத் தகரத்தின் மேல் குறுக்காகப் போட்டு, இரு பக்கமும் முளையடித்து இறுக்குவார். நாங்கள் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், நிலப்பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசி வாளிக்குள் வைத்து மூடியை ஒட்டிவிடுவோம். இந்த அளவுக்கு ஊர் தயாராகவே இருக்கிறது. தயாராக இல்லாதது, எங்களுக்கும் தமிழ்நாட்டில் உள்ள எங்கள் பெற்றோருக்கும் இடையிலான தொடர்பு ஒன்றுதான்.

2021 டிசம்பர் 16 அன்று, அங்கு ‘ஓடெட்’ என்றும் பிற நாடுகளில் ‘ராய்’ என்றும் பெயர்பெற்ற புயல் எங்கள் மாகாணத்தைக் கடந்தபோது, நாங்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில் மற்றக் குடும்பங்களோடு தங்கியிருந்தோம். கொரோனாவால் மூடிக்கிடந்த அறை அது. கரும்பலகையில் 2020 மார்ச் மாதத் தேதி அழிக்கப்படாமலே இருந்தது. மாலையில் கூரைத் தகடுகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து பறக்கத் தொடங்க, ஆண்கள் அந்தப் பலகையைச் சுவரிலிருந்து கழற்றிச் சன்னலுக்கு முட்டுக்கொடுத்து, விடியும்வரை முதுகால் தாங்கி நின்றோம். மறுநாள் மின்கம்பமும் இல்லை, கைபேசிக் கோபுரமும் இல்லை. டிசம்பர் 23 அன்று உறவினர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் மலைப்பாதையில் ஏறி, ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் 50 பேசோ கொடுத்து மின்னேற்றிய கைபேசியில் “எல்லாரும் நலம்” என்ற இரண்டு சொற்களை அனுப்பியபோதுதான் நாங்கள் உயிரோடிருப்பது என் பெற்றோருக்குத் தெரிந்தது.

அந்த ஏழு நாட்களில் 68 வயதான என் தந்தை தகவல் கேட்டு ஏறி இறங்கிய அலுவலகங்களில் ஒன்றில், அவரிடம் ஒரு படிவம் தரப்பட்டிருக்கிறது. அதில் நிறுவனத்தின் பெயர் என்ற கட்டமும், மாணவராயின் கல்லூரியின் பெயர் என்ற கட்டமும் இருந்தன. இரண்டையும் நிரப்ப முடியாமல் அவர் “மாமனார் வீடு” என்று எழுதிக் கொடுக்க, விவரம் முழுமையாக இல்லை என்று படிவம் திரும்பிவிட்டது. அலுவலரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் கையில் இருந்த தாள் அப்படி. பிலிப்பைன்ஸின் தாவோ நகரில் மருத்துவம் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஒரு கல்லூரி இருக்கிறது. கிராமத்தில் குடியேறிய எங்களுக்கு அப்படி யாரும் இல்லை.

இன்னொன்று, என் பிழையும் கலந்தது. புயலுக்கு முன் கடைசியாகப் பேசியபோது, எங்கள் மாகாணத்துக்கு நான்காம் எண் எச்சரிக்கை விடப்பட்டிருப்பதாக என் தாயாரிடம் சொன்னேன். நம் துறைமுகங்களில் ஏற்றும் கூண்டுகள் 11 வரை உண்டு என்று அறிந்த அவர், நான்கு தானே என்று அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருக்கிறார். பிலிப்பைன்ஸ் வானிலைத் துறையான பகாசாவின் எண்கள் ஐந்தோடு முடிகின்றன. 2022இல் திருத்தப்பட்ட அளவின்படி மூன்றாம் எண்ணே மணிக்கு 89 முதல் 117 கி.மீ. வரையிலான காற்றைக் குறிக்கிறது. ஒரு சொல் விளங்காமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தீவிலேயே இதைவிடக் கொடிய உதாரணம் உண்டு. 2013 நவம்பர் 8 அன்று யோலாண்டா புயலில் டக்லோபான் நகருக்குள் கடல் புகுந்தபோது, முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்த ‘ஸ்டார்ம் சர்ஜ்’ (புயற்காற்றால் கடல் பொங்கி ஊருக்குள் ஏறுவது) என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் பலருக்குப் புரிந்திருக்கவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அப்புயலில் 6,300 பேர் மாண்டனர்.

நான் கேட்பது புதுமையானது அன்று. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் வட்டத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது, அச்சத்தோடு காத்திருந்தவன் நான். அப்போது சென்னையிலிருந்த என் சித்தப்பா மகன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 எண்ணில் அழைத்து, எங்கள் தெருவில் உயிர்ச்சேதம் இல்லை என்று அறிந்து எனக்குச் சொன்னான். மாவட்டத்துக்குள் நடக்கிற இந்த வேலை கடல் கடந்தும் நடக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

எனவே, அயலகத் தமிழர் நல வாரியப் பதிவில் ‘குடும்பமாகக் குடியிருப்போர்’ என்ற பிரிவை ஏற்படுத்தி, நிறுவனத்துக்குப் பதிலாகக் கிராமம், நகராட்சி, மாகாணம் ஆகியவற்றையும், துணைவரின் பெயரையும், ஊர்த்தலைவர் அலுவலகத் தொடர்பையும் பதிய இடம் தரவும், அப்பட்டியலைப் பெரும் புயல்கள் மிகும் அக்டோபருக்கு முன்னதாக மணிலாவிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பி, உறவினர் கேட்கும்போது கிடைத்த தகவலை, தகவல் இல்லையெனில் இல்லை என்பதையாவது, துறையின் உதவி எண் வழியாகத் தமிழில் தெரிவிக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அத்துடன் பிலிப்பைன்ஸ் எச்சரிக்கை எண்களை நம் கூண்டு எண்களோடு பக்கத்தில் வைத்து விளக்கும் ஒரு பக்கத் தமிழ்த் தாளை வெளியிட்டால், அதை எழுத வேண்டிய விவரங்களைத் தொகுத்துத் தர நானே முன்வருகிறேன்.

நம் கூண்டுகளில் 11ஆம் எண்ணுக்கு, வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள் என்பது தாங்கள் அறிந்ததே. அந்த ஏழு நாட்களும் என் தாயார் வீட்டில் ஏறியிருந்தது அந்தக் கூண்டுதான்.

இணைப்பு: 1. பெயர், முகவரி, வாரிய உறுப்பினர் அட்டை நகல். 2. திரும்பி வந்த படிவத்தின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)